கழுத்தில் வெள்ளை படிந்த டிஎம்எஸ் குளோரைடு பாட்டிலை என்ன செய்வது?

மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், வெஸ்ட்வில் வளாகத்தில் முதுகலை ஆய்வு செய்யும் தம்பி கேட்டிருப்பது இது: ஆய்வகத்தில் 100 மி.லி. ட்ரைமெத்தில்குளோரோசிலேன் (சுருக்கமாக டிஎம்எஸ் குளோரைடு; ஒரு சிலிக்கனில் மூன்று மெத்திலும் ஒரு குளோரினும் உள்ள திரவம்) பாட்டில் ஒன்று பழையதாகக் கிடக்கிறது, 60 மி.லி. அளவுக்கு மிச்சம் இருக்கிறது. திறந்தால் வெள்ளைப் புகை வருகிறது, கழுத்தைச் சுற்றி உப்புப் பூத்ததுபோல் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. கரும்புச் சாற்றிலுள்ள சர்க்கரைகளை ஜி.சி.யில் (ஆவியாக்கிப் பிரித்தளக்கும் வாயு நிறப்பகுப்புக் கருவியில்) ஓட்ட, ஓர் ஆல்கஹாலுக்குக் காப்புக்குழு போட (வினைப்படாதபடி தற்காலிகமாக மூட), பி.டி.எம்.எஸ். என்ற சிலிகோன் ரப்பரை வார்க்கும் சிலிக்கன் அச்சுக்குப் பூச என்று மூன்று வேலைக்கு இது வேண்டும். பயன்படுத்தலாமா? ஆகாதென்றால் எப்படி அழிப்பது?

அந்த வெள்ளையிலிருந்தே தொடங்கலாம். பலர் அதைச் சிலிக்கா என்று நினைத்துப் பாட்டிலையே ஒதுக்கிவிடுகிறார்கள். டிஎம்எஸ் குளோரைடு நீரோடு சேர்ந்தால் சிலிக்கா வராது. சிலிக்கனில் மூன்று மெத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதால் ஒரே ஒரு கைதான் காலி. அந்தக் கையால் இன்னொரு சிலிக்கனோடு ஆக்சிஜன் வழியாகக் கோத்துக்கொண்டதும் கதை முடிந்துவிடுகிறது. கிடைப்பது ஹெக்ஸாமெத்தில்டைசிலாக்சேன் என்ற தெளிந்த திரவம், கொதிநிலை சுமார் 100 டிகிரி. அப்படியானால் கழுத்தில் உள்ள திடப்பொருள் எது? பெரும்பாலும் அம்மோனியம் குளோரைடு அல்லது ட்ரைஎத்திலமீனின் குளோரைடு உப்பு. பாட்டிலிலிருந்து கசியும் ஹைட்ரஜன் குளோரைடும், அதே அலமாரியில் இருக்கும் அமீன் (அமோனியா வகைக் காரம்) பாட்டில்களின் ஆவியும் மூடியருகே சந்தித்து உப்பாகின்றன. சிறு துணுக்கை ஸ்பாட்டுலாவில் எடுத்து நீரில் போட்டுப் பாருங்கள். கரைந்துவிட்டால் உப்பு. கரையாமல் மணலாகவோ ஜெல்லாகவோ நின்றால் பாட்டிலுக்குள் சிலிக்கன் டெட்ராகுளோரைடோ மெத்தில்ட்ரைகுளோரோசிலேனோ கலந்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்ய முயல வேண்டாம், நேரே அழிக்கும் வேலைக்குப் போங்கள்.

உப்பு என்றால் அது இரண்டு செய்தி சொல்கிறது. மூடி பிடிக்கவில்லை என்பது ஒன்று. அமீன்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் இன்றே சரிசெய்யலாம். திரவம் கெட்டதா என்பது தனிக் கேள்வி, அதற்குப் பிறகு வருகிறேன்.

எந்தச் சிலில் (சிலிக்கனோடு மூன்று கரிமக் குழுக்கள் சேர்ந்த தொகுதி) வினைபொருளைக் கையில் எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதில் நீர் பட்டால் எது கிளம்பி வெளியே வரும்? இங்கே கிளம்புவது ஹைட்ரஜன் குளோரைடு. அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூலக்கூறு எடை 108.64, அடர்த்தி 0.856. 100 மி.லி. என்பது 85.6 கிராம், அதாவது 0.79 மோல். அறைவெப்பத்தில் அது 19 லிட்டருக்கு மேல் ஹைட்ரஜன் குளோரைடு வாயு. அத்தனையையும் விடுவிக்க 7 மி.லி. தண்ணீர் போதும். வால்வே இல்லாத சின்ன வாயு சிலிண்டர் ஒன்று அலமாரியில் நிற்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஐந்து மீட்டருக்கு நான்கு மீட்டர், இரண்டரை மீட்டர் உயரம் உள்ள அறையில் வெறும் 10 மி.லி. கொட்டி முழுதும் நீராற்பகுப்பு அடைந்தால் காற்றில் 38 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 38 பங்கு) ஆகிறது. ஒரு கணமும் தாண்டக்கூடாது என்று அமெரிக்கத் தொழில்நலப் பரிந்துரை வைத்திருக்கும் உச்சம் 2 பி.பி.எம்.; உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்திருப்பது 50 பி.பி.எம். ஒரு சிரிஞ்சு கை தவறினால் அந்த எல்லைக்குப் பக்கத்தில் போய்விடுகிறோம்.

தீயும் உண்டு. கொதிநிலை 57 டிகிரி, தீப்பற்றுநிலை மைனஸ் 28 டிகிரியை ஒட்டி. ஆவி காற்றைவிட ஏறத்தாழ 3.7 மடங்கு கனம், ஆகவே மேசைமேல் தவழ்ந்துபோய் நான்கு அடி தள்ளியிருக்கும் ஹாட்பிளேட்டைத் தேடிப் பிடிக்கும். ஆபத்துச் சரக்குகளுக்கான யு.என். எண் 1298: தீப்பிடிக்கும் திரவம் என்ற முதன்மை வகுப்பும், அரிக்கும் பொருள் என்ற துணை வகுப்பும். நம் பல்கலைக்கழகத்தின் இன்னொரு வளாகமான ஹோவர்ட் கல்லூரியிலிருந்து வெஸ்ட்வில்லுக்கு யாரோ ஒருவரின் கார் டிக்கியில் வைத்துக் கொண்டுவரக் கூடிய சரக்கு அல்ல இது.

இதே அமைப்பில் சிலிக்கனுக்குப் பதில் கார்பன் இருந்தால் அது டெர்ட்-பியூட்டைல் குளோரைடு. அதன் பாட்டிலைத் திறந்தால் இப்படிப் புகையாது. சிலிக்கன் அணு பெரியது. குளோரின் போகும்வரை காத்திராமல் ஐந்தாவது கையாக ஆக்சிஜனை முதலில் சேர்த்துக்கொண்டு, பிறகு குளோரினை விடும். சிலிக்கன்-ஆக்சிஜன் பிணைப்பு மோலுக்கு 450 கிலோஜூல் அளவில் வலிமையானது, சிலிக்கன்-குளோரின் அதைவிடக் குறைவு. அந்த வித்தியாசம்தான் ஆக்சிஜனைக் கண்டால் இது பாய்வதற்குக் காரணம். ஃப்ளோரினோடு உள்ள பிணைப்பு இன்னும் வலிது, 565 கிலோஜூல் அளவு. அதனால்தான் பிற்பாடு சிலில் காப்பைக் கழற்ற ஃப்ளோரைடு உப்பைத் தேடுகிறோம். நன்மை, தீமை இரண்டும் இந்த ஒரே குணத்திலிருந்து வருபவை.

இது பிறக்கும் இடத்தையும் ஒரு வரி சொல்ல வேண்டும், ஏனென்றால் அசுத்தம் அங்கிருந்தே ஒட்டிக்கொண்டு வருகிறது. சிலிக்கன் உலோகத்தூளோடு மெத்தில் குளோரைடு வாயுவைச் செம்பு வினையூக்கியின் மேல் 300 டிகிரி அளவில் செலுத்தும் முறையை 1940இல் அமெரிக்காவில் யூஜின் ரோக்கோவும், அதே காலத்தில் ஜெர்மனியில் ரிச்சர்ட் மியூல்லரும் தனித்தனியே கண்டார்கள். (அப்படிப்பட்ட சிலிக்கன் உலோகத்தை உருக்கியெடுத்த உலை நம் லிம்போப்போ மாகாணத்தின் போலக்வானேயிலேயே உண்டு.) அதில் பெரும்பங்கு வருவது டைமெத்தில்டைகுளோரோசிலேன், கொதிநிலை 70. மெத்தில்ட்ரைகுளோரோசிலேன் 66. நம் சரக்கு 57இல் சிறு பங்காக வருகிறது. தொல்லை கொடுப்பது சிலிக்கன் டெட்ராகுளோரைடு: அதன் கொதிநிலையும் 57 டிகிரியைச் சற்றே தாண்டியதுதான், போதாக்குறைக்கு இரண்டும் சேர்ந்து மாறாக்கொதிநிலைக் கலவையாகிவிடும். சாதாரணமாக வடித்து இவற்றைப் பிரிக்க முடியாது. மலிவான தரத்தை வாங்கிவிட்டு வடித்துச் சுத்தம் செய்துகொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

இனி உங்கள் 60 மி.லி. கெட்டதா என்று பார்ப்பது. உலர்ந்த என்.எம்.ஆர். (காந்த ஒத்ததிர்வு நிறமாலை) குழாயில் நல்ல டியூட்டரோகுளோரோஃபார்ம் எடுத்து இரண்டு சொட்டு விட்டு உடனே ஓட்டுங்கள். டிஎம்எஸ் குளோரைடின் மெத்தில் 0.43 பி.பி.எம். (இங்கே இது நிறமாலை அளவுகோலின் அலகு) அருகே, டைசிலாக்சேனின் மெத்தில் 0.07 அருகே. இரண்டிலும் சிலிக்கன் ஒன்றுக்கு ஒன்பது ஹைட்ரஜன் என்பதால் பரப்பு விகிதமே கெட்ட பங்கை நேராகச் சொல்லிவிடும். 0.07இல் நூற்றுக்கு ஐந்துக்குள் இருந்தால் சர்க்கரைக்கும் அச்சுப் பூச்சுக்கும் தாராளமாகப் போதும். டைசிலாக்சேன் பெரும்பாலும் சும்மா இருக்கும் பொருள், வேலையைக் கெடுக்காது. கெடுப்பது அதோடு கூடவே உண்டாகித் திரவத்தில் கரைந்து நிற்கும் ஹைட்ரஜன் குளோரைடு. அதை இந்த ஸ்பெக்ட்ரத்தை வைத்து நம்பி அளக்க முடியாது. நைட்ரஜன் கீழ் 1 மி.லி. வினைபொருளோடு 1 மி.லி. உலர்ந்த ட்ரைஎத்திலமீனைச் சேர்த்துப் பாருங்கள். லேசான கலங்கல் என்றால் பரவாயில்லை. தயிர்போல் வெள்ளை திரண்டால் அமிலம் நிறைய இருக்கிறது என்று பொருள். அதை மையவிலக்கியில் சுற்றி மேலே நிற்கும் தெளிவை எடுத்து லித்தியம் ஈனோலேட் (கீட்டோன் போன்றவற்றிலிருந்து வலிய காரத்தால் புரோட்டானை நீக்கிக் கிடைப்பது) பிடிக்கப் பயன்படுத்துவது பழைய, நம்பகமான வழக்கம். அமிலத்தோடேயே விட்டால் உங்கள் எல்.டி.ஏ. என்ற அந்தக் காரத்தின் ஒரு பங்கை அதுவே தின்றுவிட்டு, விளைச்சல் ஏன் குறைந்தது என்று தெரியாமல் உங்களைச் சுற்றவிடும்.

வடிக்கத்தான் வேண்டுமென்றால், உலர்ந்த 100 மி.லி. உருண்டைக் குடுவையில் கால்சியம் ஹைட்ரைடு 1 முதல் 2 கிராம், நைட்ரஜன், மேலே பப்ளர். எங்கேயும் அடைத்துவிடாதீர்கள்; ஹைட்ரைடு அமிலத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் விடும், அதற்கு வழி வேண்டும். எண்ணெய்த் தொட்டி 75–80 டிகிரி. ஒரு மணி நேரம் மீள்கொதிக்க விட்டு, முதல் 5 மி.லி.யை ஒதுக்கி, 57–58இல் வருவதைப் பிடித்து, குடுவையில் 10 மி.லி. நிற்கும்போதே நிறுத்துங்கள். டைசிலாக்சேன் அடியில் தங்கிவிடும். எக்காரணம் கொண்டும் கால்சியம் ஹைட்ரைடுக்குப் பதில் சோடியம் போட வேண்டாம். குளோரின் உள்ள எதற்கும் சோடியம் ஆகாது. என் கணக்கில், 60 மி.லி.க்கு இத்தனை பாடு படுவது ஈனோலேட் போன்ற நுட்பமான வேலை இருந்தால் மட்டும் தகும். சர்க்கரைக்காக என்றால் சின்னப் பாட்டில் ஒன்று புதிதாக வாங்கிக்கொள்வதே சரி.

நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டர்பனில் கோடைக்காலத்தில் 28 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் சாதாரணம். அந்தக் காற்றின் ஒரு லிட்டரில் 22 மில்லிகிராம் நீர் இருக்கிறது; குளிர்கால ஜோஹானஸ்பர்க்கில், 15 டிகிரி 30 சதவீதத்தில், நான்கு மில்லிகிராம்கூட இராது. அங்கே எழுதிய நடைமுறை இங்கே பிசகுவதற்கு இது பெரிய காரணம். ஒரு லிட்டர் டர்பன் காற்று பாட்டிலுக்குள் போனால் 0.3 மி.லி. வினைபொருள் கெடும். கெட்ட அளவு அற்பம்தான், ஆனால் அதிலிருந்து வரும் 60 மி.லி. ஹைட்ரஜன் குளோரைடு மூடிய பாட்டிலுக்குள் அழுத்தமாக நின்று அடுத்த முறை திறப்பவர் முகத்தில் வரும். ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால், வெளியே எடுத்து அறைவெப்பத்துக்கு வரும்வரை மூடியைத் தொடாதீர்கள். ஈரம் வெளிப்புறத்தில் முத்து முத்தாகக் கோத்து வழிந்து போன பிறகு, துடைத்துவிட்டுத் திறக்க வேண்டும்.

எடுக்கும் முறை இது. சூட்டடுப்பில் உலர்த்திய கண்ணாடி சிரிஞ்சு அல்லது புது பிளாஸ்டிக் சிரிஞ்சு, நீண்ட ஊசி. முதலில் செப்டம் (மூடியிலுள்ள ரப்பர் அடைப்பு) வழியாக நைட்ரஜன் பலூன் ஊசி, பிறகு சிரிஞ்சு ஊசி. தலைகீழாகக் கவிழ்க்காமல் ஊசி முனையைத் திரவத்தில் இறக்கி மெதுவாக இழுங்கள். தேவையானதற்கு மேல் ஒரு துளி இழுத்து, குமிழியைப் பாட்டிலுக்குள்ளேயே தள்ளி, ஊசியைத் திரவத்துக்கு மேலே தூக்கி, கொஞ்சம் நைட்ரஜனை உள்ளே இழுத்துக்கொண்டு வெளியே எடுங்கள். ஊசிமுனையில் வெறும் வாயு நின்றால் சொட்டாது, புகையாது. சிரிஞ்சில் கொள்ளளவின் முக்கால் பங்குக்கு மேல் ஏற்ற வேண்டாம். வேலை முடிந்த கணமே ஹெக்ஸேனால் இருமுறை, ஐசோபுரோப்பனாலால் ஒருமுறை, அதற்குப் பிறகுதான் தண்ணீர். அசிட்டோனை இங்கே கொண்டுவராதீர்கள்: அமிலமும் அசிட்டோனும் சேர்ந்து சூடாகிப் பழுப்பாகத் திரியும். அரை மணி நேரம் கழுவாமல் விட்ட சிரிஞ்சின் தண்டு இறுகிவிடும், எஃகு ஊசி மறுநாள் துருப்பிடித்துக் கிடக்கும். பாட்டில் மூடியின் செப்டமும் நாலைந்து குத்துக்குப் பிறகு இறுகி விரிசல்விடும். உங்கள் பாட்டில் மூடி பிடிக்காமல் போனது அநேகமாக இப்படித்தான். மேலே பாராஃபில்ம் சுற்றுவதில் பயனில்லை, ஆவியில் இளகிவிடும். டெஃப்லான் டேப் சுற்றுங்கள்.

லோட் ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) நடக்கும் காலமென்றால் அதன் அட்டவணையைப் பார்க்காமல் பாட்டிலைத் திறக்க வேண்டாம். மின்சாரம் போனால் விளக்கு எரியாதது சின்ன விஷயம். ஃப்யூம் ஹூட்டின் (நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடிக் கூண்டின்) விசிறி நின்றுவிடும். ஜெனரேட்டர் விளக்குக்கும் ஃப்ரீசருக்கும் மட்டும் இணைத்திருக்கிறதா, ஹூட்டுக்கும் இருக்கிறதா என்று கட்டடப் பொறுப்பாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நடுவில் விசிறி நின்றால் செய்ய வேண்டியது: பாட்டிலை மூடு, சிரிஞ்சிலுள்ளதை வினைக்குடுவைக்குள்ளேயே விடு, ஹூட்டின் கண்ணாடிக் கதவை முழுக்க இறக்கு, வெளியே வா. வெறும் பேப்பர் துண்டை மேல்விளிம்பில் ஒட்டி வைத்தால் காற்று இழுப்பது நின்றது கண்ணுக்குத் தெரியும்.

இனி உங்கள் மூன்று வேலைகள்.

கரும்புச் சர்க்கரைதான் இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. 1860இல் நம் முன்னோரை டர்பன் உள்ள நேட்டால் பகுதிக்குக் கூட்டிவந்த பயிர் அது. சர்க்கரைக்குக் கொதிநிலை என்று ஒன்று கிடையாது, கருகிவிடும்; ஹைட்ராக்சில்கள் அத்தனையையும் சிலில் மூடி போட்டு மூடினால்தான் ஜி.சி.யில் பறக்கும். 1963இல் ஸ்வீலியும் உடனுழைத்தவர்களும் வெளியிட்ட கலவை இன்றும் அப்படியே வேலை செய்கிறது: 10 மில்லிகிராம் உலர்ந்த சர்க்கரைக்கு உலர்ந்த பிரிடின் 1 மி.லி., ஹெக்ஸாமெத்தில்டைசிலசேன் 0.2 மி.லி., டிஎம்எஸ் குளோரைடு 0.1 மி.லி. இந்த வரிசையிலேயே சேர்த்து, மூடி, அரை நிமிடம் நன்றாகக் குலுக்கி, ஐந்து நிமிடம் வைத்தால் போதும். வெள்ளையாகக் கலங்கும். அது அம்மோனியம் குளோரைடு, வர வேண்டியதுதான். படிய விட்டு மேலே நிற்பதை ஊசியில் எடுங்கள்.

தோற்றுப்போகும் ஆய்வுகளில் பெரும்பாலானவை நீரால் தோற்கின்றன. 10 மில்லிகிராம் சுக்ரோஸில் இருக்கும் ஹைட்ராக்சில்கள் 0.23 மில்லிமோல்தான். மேலே சொன்ன கலவையில் சிலில் 2.7 மில்லிமோல், பன்னிரண்டு மடங்கு அருகில். ஏராளம் என்று தோன்றும். ஆனால் 25 மில்லிகிராம் நீர், அதாவது அரைச் சொட்டு, அத்தனையையும் குடித்துவிடும். சாற்றை வற்றவைத்துப் பாகாக்கிவிட்டு உலர்ந்துவிட்டது என்று எண்ணினால் அந்த அரைச் சொட்டு உள்ளேயே இருக்கும். உறைநிலையில் உலர்த்துங்கள், அல்லது நைட்ரஜன் ஊதி வற்றவைத்து, பிரிடின் அரை மி.லி. விட்டு மறுபடி வற்றவையுங்கள். நொறுங்கும் வெள்ளைப் படலமாக வந்தால் சரி. ஒட்டுகிற பாகாக இருந்தால் இன்னும் நீர் இருக்கிறது.

குளுக்கோஸ் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு உச்சமாக வரும்; ஃப்ரக்டோஸ் அதைவிடவும் சிதறும். இது பிழை அல்ல, சர்க்கரையின் வளையங்கள் அப்படி. முதலில் பிரிடினில் ஹைட்ராக்சிலமீன் ஹைட்ரோகுளோரைடு சேர்த்து 70 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து ஆக்சைமாக்கிவிட்டுப் பிறகு சிலில் செய்தால் உச்சங்கள் குறையும், அளவெடுக்க எளிது. அப்போது ஹைட்ராக்சிலமீன் உப்புக்கும் சேர்த்துச் சிலிலைக் கூட்ட வேண்டும், மறந்துவிடாதீர்கள். சுக்ரோஸ் ஒடுக்காத சர்க்கரை, ஒரே உச்சம். அக அளவுகோலாக ட்ரெஹலோஸ் எடுப்பதும் அதனால்தான். அதுவும் ஒடுக்காதது, ஒரே உச்சம், சுக்ரோஸுக்குப் பக்கத்திலேயே ஆனால் ஒட்டாமல் வரும். காலம் (column, அதாவது ஜி.சி.யின் பிரிக்கும் குழாய்) மெத்தில்பாலிசிலாக்சேன் வகையாக இருக்கட்டும். பாலிஎத்திலீன் கிளைக்கால் வகைக் காலத்தில் இதை ஊசி போட்டால் காலத்தையே சிலில் செய்துவிடும். இன்னொன்று: ஜி.சி.யின் தீச்சுடர் உணர்வியில் இந்த வினைபொருள் எரிந்து சிலிக்காவாகப் படியும். நாள்போக்கில் உச்சங்கள் சிறுத்து, அடிக்கோடு முள் முள்ளாகத் துள்ளினால் உணர்வியின் மூக்கை (தீச்சுடர் எரியும் முனையை) கழற்றிப் பாருங்கள், வெள்ளைத் தூள் அப்பியிருக்கும். துடைத்துப் போட்டால் மறுபடி சரியாகிவிடும். நிறைநிறமாலையில் 73, 147 என்ற நிறை எண்கள் கண்டால் அது சிலிலின் கையெழுத்து. 207 வந்தால் அது உங்கள் காலத்தின் உட்பூச்சு கசிவது.

ஆல்கஹாலுக்குக் காப்பு: 10 மில்லிமோல் ஆல்கஹால், உலர்ந்த டைகுளோரோமீத்தேன் 30 மி.லி., ட்ரைஎத்திலமீன் 2.1 மி.லி., பனிக்கட்டிக் குளிரில் டிஎம்எஸ் குளோரைடு 1.5 மி.லி. சொட்டுச் சொட்டாக. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். குளிர்ந்த பைகார்பனேட்டால் விரைவாகக் கழுவி உலர்த்துங்கள். ஆனால் எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. நீங்கள் இதற்குப் பிறகு இரண்டு மூன்று படி போக வேண்டியிருந்தால் டிஎம்எஸ் காப்பு தாங்காது. சுத்தம் செய்யும் சிலிக்கா காலத்திலேயே கழன்றுவிடும், வினையைச் சோதிக்கும் டி.எல்.சி. தகட்டில் ஆல்கஹால் மறுபடி தெரியும், வினை நடக்கவில்லை என்று ஏமாறுவீர்கள். அமிலத்தைத் தாங்குவதில் டிஎம்எஸ் 1 என்றால் டி.இ.எஸ். (ட்ரைஎத்தில்சிலில்) 64, டெர்ட்-பியூட்டைல்டைமெத்தில்சிலில் 20,000 என்பது பாடநூல்கள் தரும் ஒப்பீடு. கோரியும் வெங்கடேஸ்வர்லுவும் 1972இல் தந்த முறைப்படி டெர்ட்-பியூட்டைல்டைமெத்தில்சிலில் குளோரைடு, இமிடசோல், டி.எம்.எஃப். கரைப்பான் என்று போய்விடுங்கள். டிஎம்எஸ் தற்காலிக மூடி, அந்த வேலையில் அதற்கு ஈடு இல்லை.

சிலிக்கன் அச்சுக்குப் பூச்சு மிக எளிது. ஃப்யூம் ஹூட்டுக்குள் டெசிக்கேட்டர், அச்சுக்குப் பக்கத்தில் சின்னக் குப்பி மூடியில் மூன்று நான்கு சொட்டு, மூடி 10 முதல் 15 நிமிடம். பம்பு போட வேண்டாம். போட்டால் அமில ஆவி பம்பு எண்ணெயில் போய்ப் பம்பை அரிக்கும். திறப்பதும் ஹூட்டுக்குள்ளேயே. ஒற்றைக் கை உள்ள சிலேன் என்பதால் படலம் மெல்லியது, சில வார்ப்புகளுக்குப் பிறகு மறுபடி பூச வேண்டும்.

இந்தப் பாட்டில் வேறு எதற்கெல்லாம் ஆகும் என்பதையும் சொல்கிறேன். மெத்தனாலில் அமினோ அமிலத்தைக் கலக்கி இரண்டு சமானம் சேர்த்து இரவு முழுக்கக் கலக்கவிட்டால் மெத்தில் எஸ்டர் ஹைட்ரோகுளோரைடு நேரே கிடைக்கும்; சிலிண்டரிலிருந்து அமில வாயு ஊத வேண்டியதில்லை. அசிட்டோநைட்ரைலில் சோடியம் அயோடைடோடு சேர்த்தால் குடுவைக்குள்ளேயே டிஎம்எஸ் அயோடைடு உண்டாகி மெத்தில் ஈதரைக் கழற்றும். இதை டி.எச்.எஃப்.இல் செய்யாதீர்கள், அது கரைப்பானின் வளையத்தையே உடைத்துவிடும். சோம்பிக் கிடக்கும் துத்தநாகத் தூளை உசுப்ப இரண்டு மூன்று மோல் சதவீதம் போதும். ஈனோலேட்டைச் சிலில் ஈனோல் ஈதராகப் பிடித்து வைப்பது தனிக் கடல். திரவ நிறப்பகுப்பு செய்யும் எச்.பி.எல்.சி. கருவியின் சி-18 காலத்தில் மிச்சமிருக்கும் சிலனால்களை மூடுவதும் இதே பொருள்தான். டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானோடு மட்டும் சேர்க்க வேண்டாம். சூடேறி நாறும் கந்தகப் பொருள்களாக மாறும், பெரிய அளவில் கட்டுக்கடங்காது.

பெயரில் டிஎம்எஸ் என்று தொடங்குவதெல்லாம் ஒரே மாதிரி என்று நம்பும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. நீர் பட்டால் எது கிளம்பும் என்ற கேள்வியை ஒவ்வொன்றிடமும் கேளுங்கள். டிஎம்எஸ் சயனைடில் ஹைட்ரஜன் சயனைடு. டிஎம்எஸ் அசைடில் ஹைட்ரசோயிக் அமிலம், விஷமும் வெடியும் சேர்ந்தது. டிஎம்எஸ் டையசோமீத்தேன் மெத்தனாலோடு சேரும்போது டையசோமீத்தேன் வருகிறது. இது டையசோமீத்தேனைவிடப் பத்திரமானது என்று சொல்லி வாங்குகிறார்கள். வெடிப்பதில் பத்திரம், மூச்சில் பத்திரமில்லை. 2008இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் 2009 தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலும் வேதியியலர் இருவர் இதனோடு வேலை செய்த பிறகு நுரையீரல் பாதித்து இறந்தார்கள். கனடாவில் நடந்தபோது கூரை வேலைக்காகக் காற்றோட்டம் நிறுத்தப்பட்டிருந்தது. அடையாளங்கள் தெரியவே சில மணி நேரம் ஆயிற்று. லோட் ஷெடிங் அட்டவணையைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான்.

கையில் பட்டால் மெல்லிய நைட்ரைல் கையுறையை நம்பாதீர்கள், விரைவில் ஊடுருவும். உடனே கழற்றி 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள். அரைகுறையாக ஈரத்துணியால் துடைப்பது அங்கேயே அமிலம் தயாரிப்பதற்குச் சமம், வெள்ளமாக ஓட வேண்டும். கண்ணில் பட்டால் இமையைப் பிரித்து அதே 15 நிமிடம், பிறகு மருத்துவமனை. ஆவியை ஆழமாக இழுத்தவர் இருமல் நின்றுவிட்டது என்று வீட்டுக்குப் போகக்கூடாது. நுரையீரலில் நீர் கோப்பது தாமதமாகவும் வரலாம். ஆம்புலன்ஸுக்கு 10177. சின்னத் தீக்குக் கார்பன் டைஆக்சைடு. தண்ணீர் பீய்ச்ச வேண்டாம். சிலேன் தீயில் உலர்தூள் போடாதே என்று சில கையேடுகளில் பார்த்திருப்பீர்கள். ட்ரைகுளோரோசிலேன்போல் சிலிக்கனில் ஹைட்ரஜன் உள்ளவை ஹைட்ரஜன் வாயு விடும் என்பதற்கான எச்சரிக்கை அது. நம் பாட்டிலில் அந்தப் பிணைப்பு இல்லை. 5 மி.லி.க்குள் சிந்தினால் ஹூட்டுக்குள் உலர்ந்த மணலோ வெர்மிகுலைட்டோ போட்டு மூடுங்கள். அதற்கு மேல், அதுவும் ஹூட்டுக்கு வெளியே என்றால், எல்லோரும் அறையை விட்டு வெளியேறிக் கதவைச் சாத்துவதுதான் முதல் வேலை.

கடைசியாக, அழிப்பது. மூடியைத் தைரியமாகத் திறக்க முடிகிற நிலை, உள்ளே ஜெல் இல்லை என்றால் சிறு சிறு பங்காக நீங்களே செய்யலாம். ஒரே மூச்சில் 60 மி.லி.யும் வேண்டாம். 10 மி.லி.யை 100 மி.லி. ஹெக்ஸேனில் நீர்க்கவையுங்கள். ஒரு லிட்டர் பீக்கரில் நிறைவுற்ற பைகார்பனேட் கரைசல் 150 மி.லி., பனிக்கட்டித் தொட்டியில், காந்தக் கலக்கி வேகமாகச் சுற்றட்டும். ஹெக்ஸேன் கரைசலைச் சொட்டுப் புனலிலிருந்து அரை மணி நேரத்துக்கு நீட்டி விடுங்கள். கிட்டத்தட்ட 2 லிட்டர் கார்பன் டைஆக்சைடு நுரைத்து வரும், அதற்குத்தான் பெரிய பீக்கர். அவசரப்பட்டால் நுரை வழிந்து அமிலம் மேசையில் நிற்கும். மாற்றி ஊற்றக்கூடாது: வினைபொருளுக்குள் நீரை ஊற்றினால் மேற்பரப்பிலேயே கொதித்துத் தெறிக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலும் வேண்டாம், வெப்பம் அதிகம். முடிந்ததும் மேலும் அரை மணி நேரம் கலக்கி, பி.எச். தாளில் 7க்குக் கீழ் இல்லையென்று பார்த்து, மேல் அடுக்கைத் தீப்பிடிக்கும் கரைப்பான் கழிவுக் கேனில் சேருங்கள். அதில் உள்ள டைசிலாக்சேனும் எரியக்கூடியதுதான். ஆலசன் கழிவா, ஆலசன் இல்லாத கழிவா என்று கேனில் எழுதியிருப்பதைப் பார்த்து ஊற்றுங்கள். சரியாக அழித்ததில் குளோரின் நீர் அடுக்குக்குப் போயிருக்கும்.

மூடியே இறுகித் திறக்கவில்லை, அல்லது உள்ளே ஜெல் தெரிகிறது, அல்லது செப்டம் மேலே குமிழ்போல் உப்பியிருக்கிறது என்றால் பாட்டிலைத் தொட்டுப் பரிசோதிக்காமல், உலர்ந்த மணல் போட்ட வாளியில் ஹூட்டுக்குள் நிறுத்திவிட்டு, உங்கள் துறையின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். தென்னாப்பிரிக்காவின் 2021 அபாய வேதிப்பொருள் விதிமுறைகளின்படி அதற்கு ஆள் ஏற்பாடு செய்யும் பொறுப்பு நிறுவனத்துடையது, மாணவருடையது அல்ல. காலியான பாட்டிலிலும் ஒரு மி.லி. ஒட்டியிருக்கும். ஹூட்டுக்குள் ஹெக்ஸேனால் கழுவி, ஐசோபுரோப்பனால் விட்டு ஒரு நாள் திறந்தே வைத்து, பிறகு தண்ணீரால் அலசி, லேபிளைக் கிழித்துவிட்டுக் கண்ணாடிக் கழிவில் போடுங்கள்.